திருப்பாமல் விட்ட சீட்டு

தம்பி,

முதலில் உட்கார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொள். என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. கான்வென்ட்டில் நான்கு கோடு நோட்டில் எழுதிப் பழகிய கை. உன் கண்ணைத்தான் நான் நம்புவதில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய். அதுவுமில்லாமல், பொங்கலிலிருந்து நீ ஓசூரிலிருந்து என்னிடம் பேசுவதே "மாத்திரை போட்டியா?", "கரண்ட் இருக்கா?" என்ற இரண்டு கேள்விகள்தான். இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்தபிறகு, உன்னிடம் சொல்ல முடியாத விஷயம் ஒரு வண்டி எனக்குள் சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் எழுதுகிறேன். இதை ஒளித்து வைக்காதே. படித்து முடித்ததும் போட்டோ எடுத்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடு. உன் பெரியப்பா வீடு, மாமா வீடு என்று எல்லாரும் படிக்க வேண்டும். ஏன் என்பது கடைசியில் உனக்கே விளங்கும்.

மாட்டுப் பொங்கலன்று நீ கார்த்திகாவைச் சின்னமனூருக்குக் கூட்டிக்கொண்டு வந்தாய். "கூடப் படிச்ச பொண்ணும்மா. மதுரைக் காலேஜ்ல சைக்காலஜி நடத்துது" என்றாய். உன் அப்பா இருந்திருந்தால் "அப்படியா" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்திருப்பார். நான் உன்னைப் பெற்றவள். "நடத்துது" என்று நீ சொன்னபோது உன் காது சிவந்ததைப் பார்த்தேன். இலை போட்டு, கறிக்குழம்பு ஊற்றி, இரண்டாம் முறை சோறு வைக்கும்போதுதான் கேட்டேன், "சொந்த ஊரு எதும்மா?" என்று. "ஆண்டிபட்டி, ஆன்ட்டி" என்றாள். ஒரே மூச்சில் இரண்டும். ஆன்ட்டி என்ற சொல் இந்த வீட்டில் நுழையக் கூடாது என்று நான் எத்தனை பேரை விரட்டியிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஆண்டிபட்டி என்ற சொல்லோ அதற்கும் முன்பே விரட்டப்பட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் உட்கார்ந்தோம். நீ மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள்தான் பையிலிருந்து நான்கு சீட்டுகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். வகுப்பில் பிள்ளைகளுக்கு வைக்கிற புதிராம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிந்தவை அ, க, 4, 7. விதி இது: ஒரு பக்கத்தில் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கத்தில் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும். விதி சரியா, பொய்யா என்று பார்க்க எந்தெந்தச் சீட்டைக் கட்டாயம் திருப்ப வேண்டும்? நான் யோசிக்கவே இல்லை. "அ-வையும் நாலையும்" என்றேன். அவள் மரியாதையாகத்தான் சிரித்தாள். "பெரும்பாலும் எல்லாரும் அதத்தான் சொல்லுவாக" என்றாள். எல்லாரும்! பள்ளியில் கணக்குக்குப் பதக்கம் வாங்கியவளைப் பார்த்து "எல்லாரும்" என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். "சரியான விடை அ-வும் ஏழும்" என்று அவள் தொடங்கியபோது நான் எழுந்துவிட்டேன். உன்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு "இந்த இடம் வேண்டாம்" என்றேன். காரணம் கேட்டாய். "ஆண்டிபட்டியில பொண்ணு எடுத்தா நம்ம குடும்பத்துக்கு ஆகாது. உங்க மாமாவப் பாத்தும் புத்தி வரலையா?" என்றேன். நீ எதிர்த்துப் பேசவில்லை. "நீ சம்மதிக்காமக் கட்டமாட்டேன். வேற யாரையும் கட்டமாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அந்த அமைதி இருக்கிறதே, அது உன் அப்பாவுடையது. அதோடு சண்டை போடவே முடியாது.

போகும்போது அவள் சீட்டுகளை மேசையிலேயே மறந்துவிட்டாள். அல்லது மறந்ததுபோல் விட்டுவிட்டாள். அதை நான் இன்னும் விசாரிக்கவில்லை. சீட்டு வைத்திருந்த உறையின் மேல் அவள் பெயரும் போன் நம்பரும் இருந்தன. மறுநாள் முழுக்க அந்த நான்கையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கைத் திருப்ப வேண்டாமாம், ஏழைத் திருப்ப வேண்டுமாம். ஏழு ஒற்றைப்படை. விதியோ இரட்டைப்படையைப் பற்றியது. அதை எதற்குத் தொட வேண்டும்? எனக்குத் தூக்கம் வந்தது, கோபம் போகவில்லை. காலையில் காபியைக் குடித்துவிட்டு அவளுக்கே போன் போட்டேன்.

ஆமாம், உனக்குத் தெரியாமல்தான். தையிலிருந்து இந்த ஆடி வரைக்கும் நானும் அவளும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அவளிடம் நான் போட்ட ஒரே நிபந்தனை, உன்னிடம் சொல்லக் கூடாது என்பது. அவள் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் உன் குரலில் தெரிந்திருக்கும்.

முதல் நாளே "ஆன்ட்டி" என்று ஆரம்பித்தாள். "அப்படிக் கூப்பிடாதே" என்றேன். "பின்ன எப்படிக் கூப்பிடட்டும்?" "மேடம்னு கூப்பிடு." "சரி மேடம், சொல்லுங்க" என்றாள். நான் என் வாதத்தை அடுக்கினேன். நான்கைத் திருப்பினால் பின்னால் உயிரெழுத்து இருக்கும், விதி சரி என்று தெரியும். அவள் கேட்டாள்: "நாலுக்குப் பின்னால 'க' இருந்தா விதி உடைஞ்சிருமா மேடம்?"  உயிரெழுத்து இருந்தால் இரட்டை எண் வேண்டும் என்பதுதான் விதி. இரட்டை எண் இருந்தால் உயிரெழுத்துதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஆக நான்குக்குப் பின்னால் எது இருந்தாலும் விதிக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஏழுக்குப் பின்னால் ஓர் உயிரெழுத்து உட்கார்ந்திருந்தால்? விதி அங்கேயே முடிந்தது. எங்கள் கணக்கு சிஸ்டர், ஒரு தேற்றத்தை நிரூபித்துவிட்டு அதைத் திருப்பிப்போட்ட கான்வர்ஸையும் நிரூபித்ததாக யாராவது எழுதினால் ஸ்கேலால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். அந்த ஓசை இத்தனை வருஷம் கழித்து என் காதில் கேட்டது. ஆனாலும் போனில் ஒத்துக்கொள்ளவில்லை. "குக்கர் விசில் அடிக்குது" என்று வைத்துவிட்டேன். குக்கரே வைக்கவில்லை.

அடுத்த முறை அவளே, காலேஜ் முடிந்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலிருந்து கூப்பிட்டாள். "மேடம், உங்க வீட்ல கவிச்சி சாப்பிட்டுட்டு பூஜை ரூமுக்குள்ள போகலாமா?" என்றாள். "என்ன கேள்வி இது? காலை ஒடிச்சிருவேன்" என்றேன். "சரி. உங்க வீட்ல நாலு விருந்தாளி. ஒருத்தர் மீன் தின்னாருன்னு தெரியும், எங்கன இருக்காருன்னு தெரியாது. ஒருத்தர் தயிர்சோறு சாப்பிட்டாரு, அவரும் எங்கனன்னு தெரியாது. ஒருத்தர் பூஜை ரூமுக்குள்ள நிக்கிறாரு, என்ன சாப்பிட்டாருன்னு தெரியாது. இன்னொருத்தர் ஊஞ்சல்ல உக்காந்திருக்காரு. விதிய மீறுனது யாருன்னு பாக்க யாரப் போய் விசாரிப்பீக?" அவள் முடிக்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன். "மீன் தின்னவன் எங்க இருக்கான்னு பார்ப்பேன். பூஜை ரூம்ல நிக்கிறவனை வாயைத் திறன்னு சொல்லி மோந்து பார்ப்பேன்." "ஊஞ்சல்ல இருக்கவரு?" "அவன் ஆட்டையே முழுசாத் தின்னா எனக்கென்ன?" "தயிர்சோறு?" "அவன் பூஜை ரூம்லயே படுத்துத் தூங்கட்டும்." அந்தப் பக்கம் அவள் சிரித்த சிரிப்பு பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும். "மேடம், நாலு சீட்டும் இதுவும் ஒரே கணக்கு. அங்க தப்பாச் சொன்னீக, இங்கன ஒரு நொடியில சரியாச் சொல்லிட்டீக" என்றாள்.

தம்பி, அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பரபரப்பை எப்படிச் சொல்வது! ஒரே மூளை. ஒரே கணக்கு. எழுத்தும் எண்ணுமாக வந்தால் தடுமாறுகிறது. எவனோ மீன் தின்றுவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் நிற்கிறான் என்றால் பாய்ந்து போய்ப் பிடிக்கிறது. ஏனென்று கேட்டேன். அவள் அழகாகச் சொன்னாள். ஒரு விதியை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் நாம் மீறலைத் தேடுகிறோம். ஒரு விதி உண்மையா என்று கேட்டால் மட்டும், அதற்குச் சாட்சி தேடப் போய்விடுகிறோம். அவள் துறையில் இதைப் பற்றி இன்னும் சண்டை போட்டுக்கொள்கிறார்களாம். நானும் சில காரணங்களைச் சொன்னேன். அவள் ஒன்றை மறுத்தாள், ஒன்றைக் குறித்துக்கொண்டாள். அதன்பிறகு அவள் மாலையில் பஸ் ஏறும் நேரமும் நான் வாசல் தெளித்து முடிக்கும் நேரமும் ஒன்றாகிவிட்டன. வீட்டில் ஒருத்தியாக இருப்பவளுக்குச் சரிக்குச் சரியாகச் சண்டை போட ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உனக்குப் போகப் போகத் தெரியும்.

ஆனால் அப்போதும் எனக்கு அது வெறும் சீட்டு விளையாட்டுத்தான். ஆனி மாதம், காற்று கதவையெல்லாம் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் உன் மாமா வந்தான். வழக்கம்போல மெஸ் சாப்பாடு, வயிற்றெரிச்சல், கடைசியில் தனியாகப் போய்விட்ட பெண்டாட்டி. "அந்த ஆண்டிபட்டிக்காரி என்னைக்கு என் வீட்டு வாசலை மிதிச்சாளோ" என்று அவன் தொடங்க, நானும் வழக்கம்போல "அந்த ஊரே அப்படித்தான்டா. நம்ம பங்காளி வீட்ல பாரு, தோட்டத்து அண்ணன் வீட்ல பாரு" என்று முடித்தேன்.  தம்பி, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. நான் நான்கைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்! பிரிந்துபோன குடும்பமாகப் பார்த்துப் பார்த்து எடுத்து, "பெண் எந்த ஊர்?" என்று பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆண்டிபட்டி என்று வந்தால் "பார்த்தாயா" என்கிறேன். நன்றாக இருக்கிற ஒரு குடும்பத்தைக்கூட நான் திருப்பிப் பார்த்ததில்லை.

உன் மாமாவைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன். "தோட்டத்து அண்ணன் பொண்டாட்டிக்கு ஆண்டிபட்டியேதானா?" "அந்தப் பக்கந்தேன்." "அந்தப் பக்கம்னா?" "உசிலம்பட்டி." "ஏன்டா, உசிலம்பட்டி எப்படிடா ஆண்டிபட்டியாகும்?" "பஸ்ஸு ஆண்டிபட்டி வழியாத்தானக்கா போகுது" என்றான். இப்படித்தான் தம்பி, ஒரு பாவமும் அறியாத ஊருக்கு நாம் சாட்சி சேர்த்து வைத்திருக்கிறோம்!

அன்று சாயங்காலம் வெற்றியோடு கார்த்திகாவைக் கூப்பிட்டேன். ஊர்ப்பெயரைச் சொல்லாமல்தான் ஆரம்பித்தேன். "ஒரு ஊர்ல பெண் எடுத்தா குடும்பம் பிரியும்னு ஒரு விதி. பிரிஞ்சுபோன ஒரு குடும்பத்துல பொண்ணு அந்த ஊரே இல்லைன்னு இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. விதி பொய்!" என்றேன்.  பஸ் இரைச்சலுக்கு நடுவில் அவள் சொன்னாள், "அந்த ஊரு பேரு எனக்குத் தெரியும் மேடம்."  அவளே தொடர்ந்தாள். "ஆனா விதி பொய்யாகல. நீங்க திருப்புனது நாலாம் நம்பர் சீட்டு. பின்னால 'க' இருந்துச்சு. அதனால விதிக்கு ஒண்ணும் ஆகாது. வேற ஊர்ப் பொண்ணு இருந்தாலும் குடும்பம் பிரியலாம்ல?"

"உனக்குச் சாதகமாத்தானே சொல்றேன், வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கக் கூடாதா?" என்றேன். "தப்பான வழியில வந்த மார்க்க நான் பிள்ளைகளுக்கே போடுறதில்ல, எனக்கு எப்படிப் போட்டுக்கிறது?" என்றாள். அதே குரலில், காய்கறி விலை சொல்வதுபோல, "ஆவணியில எங்க வீட்ல வேற இடம் பாக்க வாராக மேடம். எங்க அப்பா எத்தன நாள்தான் காத்திருப்பாக? அதுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்ல. கணக்கு கணக்காவே இருக்கட்டும்" என்றாள்.

போனை வைத்தபிறகு யோசித்துப் பார்த்தேன். அவளுடைய கல்யாணமே அந்த விடையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் தப்பாகப் போட்ட கணக்கு அவள் பக்கம் சாய்ந்தது. அவள் தலையாட்டியிருந்தால் போதும். என் கையாலேயே சிவப்பு மையில் திருத்திக் கொடுத்துவிட்டாள். எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துவிட்டது என்று எழுதினால் நீ மகிழ்வாய், பிடித்துவிட்டது. ஆனால் பிடித்ததற்காக விதியை விட்டுக்கொடுக்க முடியாது. விதியை விதியாகவே உடைக்க வேண்டும். அவளுக்கு அதற்குக் குறைந்து எதுவும் கொடுக்க எனக்கு மனமில்லை.

உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். திராட்சைக்கு ஒரு புது மருந்து வந்தபோது ஏஜெண்ட் ஒருவன் நம் தோட்டத்துக்கு வந்து, கொத்துக் கொத்தாய்க் காய்த்த தோட்டங்களின் படமாக விரித்தான். அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. இந்த மருந்தடிச்சும் பட்டுப்போன தோட்டம் எங்கன இருக்கு, அங்க கூட்டிப் போங்க" என்றார். அவன் பையைக் கட்டினான். மனுஷனுக்கு விருந்தாளியை மதிக்கத் தெரியவில்லையே என்று நான் அன்று முழுக்க முணுமுணுத்தேன். அவர் ஏழைத் திருப்பக் கேட்டிருக்கிறார்! இன்றைக்கு இருந்தால் கார்த்திகாவுக்கும் அவருக்கும் நடுவில் எனக்குப் பேச இடமே கிடைத்திருக்காது.

ஆக, ஏழு. நம் குடும்பத்தில் ஏழு என்றால் யார்? நன்றாக வாழ்கிறவர்கள் என்று யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது உன் பெரியப்பாவையும் பெரியம்மாவையும்தான். மறுநாள் காலையிலேயே கம்பத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். உத்தமபாளையம் தாண்டி இரண்டு பக்கமும் நாற்று நட்டிருந்தார்கள், கண்ணுக்குக் குளிர்ச்சிதான், ஆனால் எனக்கு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. கண்டக்டரிடம் இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.

உன் பெரியம்மாவின் தம்பிகள் தேனியில் கடை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் சீர் தேனியிலிருந்துதான் வரும். அதனால் அக்கா தேனிக்காரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வரும் முன்பே அவருக்குக் கல்யாணமாகிவிட்டது. போய் இறங்கியபோது பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து பலாச்சுளையைக் கொட்டை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா சுளையைத் தின்றுகொண்டே அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்களுக்குப் பொறந்த ஊரு எது?"

"என்னடி, வந்ததும் வராததுமா? ரேஷன் கார்டு எழுதுற மாதிரி கேக்குற?"

"சொல்லுங்கக்கா."

"ஆண்டிபட்டிதேன். அங்கன இருந்துதான கட்டிக் குடுத்தாக. எங்க அய்யா காலமானப்பறம் தம்பிக தேனிக்கு வந்துட்டாய்ங்க. ஏன், இப்ப அதுக்கு என்ன?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எனக்கு என்ன ஆனதோ என்று பயந்து தண்ணீர் எடுத்துவரப் போனார். பெரியப்பாவுக்குக் காது மந்தம். "என்ன தாயி, என்ன கேக்குறா?" என்றார். "நான் எந்த ஊருன்னு கேக்குறா!" என்று அக்கா உள்ளேயிருந்து கத்தினார். அவர் என்னைப் பார்த்து, "உங்கக்கா எந்த ஊருன்னு கேட்டா நான் கம்பம்னுல்ல சொல்லியிருப்பேன்" என்றார். "எனக்கே மறந்துபோச்சுத்தா. சண்டைல கூட ஊரு பேரு வாயில வந்ததில்ல." "வந்திருந்தா பல்லு இருந்திருக்குமா?" என்றார் அக்கா, சொம்போடு வந்துகொண்டே.

சண்டையில்கூட வந்ததில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அதுதான் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருத்தி போதுமா, அவர் மட்டும் தப்பிப் பிறந்தவர் என்று நாளைக்கு உன் மாமா சொல்லமாட்டானா என்று, ஊருக்கு வந்ததும் கிடைத்த ஏழையெல்லாம் திருப்பினேன். நம் தெருவில் நன்றாக வாழ்கிறவர்கள் எல்லாரையும் கேட்டேன். பேரப்பிள்ளைக்குப் பள்ளிக்கூட டை கட்டிக்கொண்டிருந்த டீச்சரம்மாவுக்கு ஆண்டிபட்டி. பின்வீட்டு மதினிக்குக் குச்சனூர். மாவு மில் அக்காவுக்கு ஜெயமங்கலம் என்று நினைத்தேன்; அது அவர் தாய்மாமன் ஊர், அவர் பிறந்தது ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில். ஒருவரைப் பற்றியும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை! ஏன் தெரியவில்லை? அங்கேதான் விஷயம் இருக்கிறது, கவனமாகப் படி.

நம் பக்கத்தில் ஒரு மருமகள் வந்தால் கொஞ்ச நாளைக்கு அவள் ஊர்ப்பெயர்தான் அவள் பெயர். பிடித்துப்போனால் அக்கா ஆகிறாள், மதினி ஆகிறாள், டீச்சரம்மா ஆகிறாள்; ஊர் உதிர்ந்துவிடும். பிடிக்காமல் போனால், பிரிந்து போனால், அந்த ஊர்ப்பெயர் அவள்மேல் கல்வெட்டாகிவிடும். உன் மாமா பெண்டாட்டி இன்றைக்கும் ஆண்டிபட்டிக்காரி. உன் பெரியம்மா எப்போதோ பெரியம்மா. கெட்டுப்போன சீட்டில் மட்டும் ஊர்ப்பெயரை மேலே எழுதி வைத்திருக்கிறோம். நல்ல சீட்டில் அதைப் பின்பக்கம் கவிழ்த்து வைத்து மறந்துவிட்டோம். பிறகு மேலே தெரிவதை மட்டும் படித்துவிட்டு, "பார்த்தாயா, எல்லாம் ஆண்டிபட்டி" என்கிறோம். கூப்பிடுகிற முறையே நம்மை ஏமாற்றியிருக்கிறது!

நீ சின்னப் பையனாக இருந்தபோது இதையே எனக்குச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? வீரபாண்டித் திருவிழாவில் ஐஸ் தின்றுவிட்டுக் காய்ச்சலோடு வந்தாய். "ஐஸ் தின்னா காய்ச்சல் வரும்னு சொன்னேனா இல்லையா? ஒவ்வொரு தடவையும் அப்படித்தானே?" என்றேன். நீ போர்வைக்குள்ளிருந்து, "தின்னும் காய்ச்சல் வராத நாளும் இருக்கும்மா. அன்னைக்கெல்லாம் உங்கிட்டச் சொல்லல. சொன்னா அடிப்பேல்ல?" என்றாய். அன்று அது எதிர்த்துப் பேச்சாகத் தெரிந்தது. இன்று பார்த்தால் அதுதான் ஏழாம் நம்பர் சீட்டு. விதியை உடைக்கிற சாட்சி தானாக வந்து நிற்காது. ஐஸ் தின்றுவிட்டுச் சத்தமில்லாமல் பள்ளிக்கூடம் போய்விடும்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். நாளைக்கு உங்களுக்குள் சண்டை வரும். அவள் நேரத்துக்குக் கிளம்பமாட்டாள். நீ ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவாய், எனக்குத் தெரியும். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று வாயில் வரும். அது ஒரு விதி, தம்பி. அதைச் சொல்லும்போதே மனம் அதற்குச் சாட்சிகளை வரிசையாக எடுத்து வைக்கும், ஒன்றைத் தேடினால் பத்து கொடுக்கும். அப்போது கொஞ்சம் நின்று, அவள் அப்படி இல்லாத ஒரு நாளைத் தேடு. சத்தமில்லாமல் சரியாகப் போன நாளை. அது கவிழ்ந்து கிடக்கும், நீதான் குனிந்து திருப்ப வேண்டும். அவளிடமும் இதைச் சொல்ல நினைத்தேன். பிறகு யாரிடம் யார் கற்றுக்கொண்டது என்பது ஞாபகம் வந்தது.

கம்பத்திலிருந்து வந்த மறுநாள் அவளைக் கூப்பிட்டேன். பெரியம்மாவில் ஆரம்பித்து மாவு மில் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன்.  "இருக்கியா?" என்றேன். "இருக்கேன் மேடம். ஏழைத் திருப்பிட்டீக" என்றாள்.  "விதி?" "உடைஞ்சிருச்சு மேடம். ஒரு சீட்டே போதும்." "அப்ப மேடம்னு கூப்பிடறதை நிறுத்து." "பின்ன எப்படிக் கூப்பிடட்டும்?" "உனக்கே தெரியும்." "ஆன்ட்டி?" என்றாள். கொழுப்பைப் பார்! நான் கத்துவதற்குள் அவளே சிரித்துக்கொண்டு, மெதுவாக, "சரிங்க அத்தை" என்றாள்.

ஆக நீ செய்ய வேண்டியது. வருகிற வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து நில். நான் சின்னமனூரிலிருந்து வந்துவிடுவேன். ஆடியில் சம்பந்தம் பேசக் கூடாதே என்று உன் மாமா குழுவில் எழுதுவான். நாம் சம்பந்தம் பேசப் போகவில்லை. அவள் மறந்து வைத்த சீட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம். போன இடத்தில் அவள் அப்பா, ஆவணியில் வருவதாகச் சொன்னவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வா. பெரியப்பாவும் பெரியம்மாவும் வருகிறார்கள். அக்காவுக்குத் தன் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டுமாம். பலாப்பழம் வாங்கித் தரச் சொல்லி பெரியப்பாவை இப்போதே நச்சரிக்கிறார்.

கடைசியாக, இதைக் குழுவில் போடச் சொன்னதற்குக் காரணம். கல்யாணத்துக்கு நானும் ஒரு விதி போட்டிருக்கிறேன், எல்லாரும் படித்துக்கொள்ளட்டும். கார்த்திகாவை ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவருக்குப் பந்தியில் இலை கிடையாது. யாராக இருந்தாலும் சரி. யாரும் மீறுகிறார்களா என்று பார்க்க நான் மண்டபம் முழுக்க அலைய மாட்டேன். அவளை மரியாதையாகக் கூப்பிட்டவர் எங்கே இருக்கிறார் என்று தேடமாட்டேன். இலை கிடைக்காமல் வாசலில் நிற்பவர் என்ன சொன்னார் என்றும் கேட்கமாட்டேன். இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் ஒவ்வொருவரும் அவளை எப்படிக் கூப்பிட்டார் என்று விசாரிப்பேன். அவளை ஊர்ப்பெயர் சொன்னவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று போய்ப் பார்ப்பேன். உன் மாமா முதல் பந்தியிலேயே உட்காருவான். சாம்பார் வாளியோடு அவன் எதிரில்தான் நிற்கப் போகிறேன்.

அம்மா